குறுவையில் முடித்த இயற்பியல்

கிறிஸ்துவில் எனக்குச் சொந்தமானவர்களே, நீடாமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஆரோக்கியமேரி பேசுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் ஷைனி எழுதுகிறாள். நான் பத்தாவதோடு நின்றவள். இந்தச் சாட்சியில் கொஞ்சம் இயற்பியல் வரும். அதில் பிழை இருந்தால் அவள் பொறுப்பு. கோபம் இருந்தால் என் பொறுப்பு.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று காலை, குறுவை நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறப் போட்டிருந்தோம். ஷைனி வாசலில் நின்று போனைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, சாக்கை நனைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்துலயும் பாஸ்மா. பிசிக்ஸ்ல மட்டும் போயிட்டுது" என்றாள்.

அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே தலைவாரும்போது சிக்கு இழுத்தால்கூட ஊரைக் கூட்டுகிற பிள்ளை அவள். அன்று நனைந்த சாக்கின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். முந்தின கார்த்திகையில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு வாய் சோறு உள்ளே தங்கவில்லை. கண் இரண்டும் மஞ்சளாகிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஸ்கேன் எடுக்கிற அறையில் ஒரு பெண் இருந்தார். "பயப்படாதம்மா, வலிக்காது. நான் சொல்றப்ப மூச்ச அடக்கு, விடச் சொல்றப்ப விடு" என்று சொல்லி, ஜில்லென்று இருந்த இவள் கையைத் தன் கைக்குள் வைத்துச் சூடாக்கினாராம். வெளியே வந்ததும் என் மகள் முதலில் சொன்னது, "அம்மா, நான் இந்தப் படிப்புதான் படிக்கப்போறேன்."

எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கிற அந்தப் படிப்புக்கு இயற்பியல் கட்டாயம் வேண்டும். அவள் பொங்கல் கழித்துப் பள்ளிக்கூடம் திரும்பியபோது அந்த இயற்பியல்தான் வெகுதூரம் போய்விட்டிருந்தது. மற்றப் பாடங்களைப் படுத்துக்கொண்டும் உட்கார்ந்துகொண்டும் மனப்பாடம் செய்து தேறிவிட்டாள். இயற்பியல் அப்படி மசிகிற பாடமாக இல்லை.

ஜூன் கடைசியில் துணைத்தேர்வு. அதில் தேறினால் அந்த வருடமே கல்லூரியில் சேரலாம். தேறாவிட்டால் அடுத்த வருடம்தான். ஆனால் ஷைனி அடுத்த வருடம் என்று பேசவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்ற எங்கள் ஊருக்கு ஒரு வேன் வரும். அவள் அத்தை மகள் அதில்தான் போனாள். "நானும் போறேம்மா. ஒரு வருஷம் இருந்துட்டு வந்து எழுதிக்கிறேன்" என்றாள். உழைத்துச் சாப்பிடுகிற எந்த வேலையையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வேனில் போன பிள்ளைகள் திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் பன்னிரண்டாவது வரை போன முதல் ஆள் இவள். என் மாமனாரும் என் அப்பாவும் அடுத்தவர் வயலில் ஆளாக நின்றவர்கள். எங்களுக்கென்று கொஞ்சம் நிலம் வந்ததே என் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் பேசுகிறவர் இல்லை. போர் மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வருகிற நேரம்தான் அவருக்குக் கடிகாரம். அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மகள் எதிரே நின்றார்.

"சம்பா அஞ்சு மாசம் நிக்கிது. குறுவை நூறு நாளு சொச்சத்துல வந்துடுது. அதுக்காக குறுவை நெல்லு நெல்லு இல்லன்னு ஆயிடுமா? இத குறுவன்னு நெனச்சுக்க பாப்பா" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். ஷைனி வேன் பேச்சை நிறுத்தினாள்.

சரி, குறுவை என்று முடிவாகிவிட்டது. பயிர் வைக்க ஆள் வேண்டுமே? டியூஷன் சென்டருக்குப் போனோம். அங்கே நுழைவுத்தேர்வு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. "ரெண்டு புத்தகம்மா. நல்லாப் படிக்கிற பிள்ளைக்கே ஒரு வருஷம் வேணும். முக்கியமான கேள்வி தாரேன், ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஒத்துக்கொண்டார். என் கண்ணீர் துடைக்கப்பட்டது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அவருடைய மாமியார் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அவர் திருச்சிக்குப் போகவேண்டியதாகிவிட்டது. அந்த மாமியாருக்காகவும் ஜெபித்தேன். ஆனால் மனம் ஒப்பித்தான் ஜெபித்தேன் என்று சொன்னால் பொய்.

இனி மனிதரை நம்பிப் பயனில்லை என்று புனித அந்தோணியார் கோவிலுக்குப் போனேன். அன்று செவ்வாய்க்கிழமை. எங்கள் பக்கத்தில் செவ்வாய் என்றால் அந்தோணியார்தான், எல்லாச் சாதியும் எல்லா மதமும் அங்கே மெழுகுவர்த்தியோடு நிற்கும். நான் சுரூபத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒம்பது செவ்வாய் தவறாம வரேன். என் பிள்ளைக்கு ஒரு வாத்தியார அனுப்பு. இந்தப் பரீட்ச மட்டும் தேறட்டும்" என்று பொருத்தனை செய்தேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற நாலு பேர் சாட்சி.

பஸ்ஸில் வரும்போதுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்றையதையும் சேர்த்தால்கூடத் தேர்வுக்கு முன்னால் ஐந்து செவ்வாய்தான் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேர்ந்துகொண்டாகிவிட்டது, பின்வாங்க முடியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பிப் போய் பங்குத்தந்தை முன்னால் நின்றேன்.

"ஃபாதர், செவ்வாய்க்கிழம காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ வந்தா ரெண்டு செவ்வாயாக் கணக்கு வருமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஏம்மா மேரி, அந்தோணியாருக்கே துணைத்தேர்வு வைக்கிறீங்களா?"

நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். "அஞ்சு செவ்வாய் கேளுங்க. பரீட்ச முடிஞ்சப்புறம் மிச்சம் நாலு செவ்வாய் வந்து நன்றி சொல்லுங்க. ஒம்பது ஆச்சா?"

"ரிசல்ட் வராம எப்படி ஃபாதர் நன்றி சொல்றது?"

"அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். நீங்க சொல்லிப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. விளைச்சல் வீட்டுக்கு வருமுன்னே புதுநெல் பொங்கல் வைக்கச் சொல்கிறாரே என்று இருந்தது. ஆனாலும் கணக்கு சரியாகிவிட்டதே என்று வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மின்விசிறி உள்ள அறை ஒன்றுதான். சாயங்காலம் அந்த அறையில் மாதா படத்துக்கு முன்னால் நான் ஜெபமாலை சொல்வேன். அதே அறையின் மூலையில் ஷைனி ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பாள். நான் "அருள் நிறைந்த மரியே" என்பேன், அவள் "ஓரலகு பரப்பின் வழியே" என்பாள். எனக்கு எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்றே தெரியாமல் போய்விடும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என் பொறுமை போய்விட்டது.

"ஒரே வரிய எத்தன தடவடி சொல்லுவ? அதுக்கு என்னதான் அர்த்தம்?" என்று ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன்.

"மின்னோட்டம்மா."

"மின்னோட்டம்னா?"

"கரண்ட்டு ஓடுறது."

"ஓடுதுன்னா எது ஓடுது?"

"எலக்ட்ரான்."

"எங்கேருந்து ஓடுது? மேட்டூர்லேருந்தா? எம்புட்டு வேகமா ஓடுது?"

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். தாளில் அது இல்லை. புத்தகத்தை எடுத்தாள். நான் மீண்டும் ஜெபமாலையைத் தொடங்கி முடித்தே விட்டேன். அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்து, "அம்மா, எலக்ட்ரான் ரொம்ப மெதுவாத்தான் நகருது. நத்தையவிட மெதுவா" என்றாள்.

"அப்புறம் எப்படி சுவிட்ச போட்டதும் லைட் எரியுது? நத்தை வந்து சேர பொழுது விடிஞ்சிடுமே?"

மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு வாசலில் சுருட்டிக் கிடந்த ரப்பர் ஓஸைக் காட்டினாள். "அம்மா, ஓஸ் காலியா இருந்தா, மோட்டார் போட்டதும் தண்ணி அந்த முனைக்கு வர நேரமாவும். ஓஸ் முழுக்க ஏற்கெனவே தண்ணி நிறைஞ்சு நின்னா?"

"போட்ட ஒடனே கொட்டும்."

"கம்பி முழுக்க ஏற்கெனவே எலக்ட்ரான் நிறைஞ்சுதாம்மா நிக்கிது!"

அவள் முகத்தை நான் பார்த்தேன். காமாலைக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரவில்லை. எனக்கும் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு லைட் ஏன் உடனே எரிகிறது என்று இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குத் தெரிந்தது. அன்று இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். பகலில் அவள் புத்தகத்தைப் படிப்பாள். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்தால் அடுத்த பாடம். புரியாவிட்டால் திரும்பப் புத்தகம். நாற்றுப் பறிக்கிற நாட்களில் வரப்புக்கே வந்துவிடுவாள். நாங்கள் பறித்து முடிச்சுக் கட்டிக்கொண்டிருப்போம், அவள் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு காந்தத்தைப் பற்றிச் சொல்லுவாள். என்னோடு நாற்றுப் பறிக்க வருகிற பாக்கியம் அக்காவும் காது கொடுத்துக் கேட்பார். "ஏ ஷைனி, நீ பாஸ் பண்றியோ இல்லியோ, ஒங்கம்மா பாஸ் பண்ணிடுவா போலருக்கு" என்பார்.

ஒருநாள் சுருளைப் பற்றிச் சொன்னாள். ஒரு கம்பிச்சுருளில் கரண்ட் மாறி மாறி ஓடினால், அதைத் தொடாமல் பக்கத்தில் இருக்கிற இன்னொரு சுருளிலும் கரண்ட் வருமாம். எங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மருக்குள் அதுதான் நடக்கிறதாம்.

"தொடாமயா?"

"தொடாமதான். ஆனா மாறிக்கிட்டே இருக்கணும். ஒரே மாதிரி நின்னா வராது."

"ஜெபமும் அப்படித்தாண்டி. தொடாமயே வேல செய்யும்" என்றேன்.

"அம்மா, மார்க் போயிடும். ரெண்டையும் கலக்காத" என்றாள்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே போகவில்லை. ஒளியைப் பற்றிய பாடம் வந்தது. இரண்டு ஒளி அலைகள் சேர்கிற இடத்தில் சில இடத்தில் வெளிச்சம் கூடுமாம், சில இடத்தில் இருட்டாகிவிடுமாம். எனக்கு அது ஏறவே இல்லை. "வெளக்கும் வெளக்கும் சேந்தா இருட்டாவுமா? யார்கிட்ட சொல்ற?" என்றேன். அவள் படம் போட்டாள். மேடு பள்ளம் என்றாள். மேட்டில் பள்ளம் விழுந்தால் சமமாகிவிடும் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோவிலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினால் ஒருநாளும் இருட்டாகி நான் பார்த்ததில்லை என்றேன். சாதா விளக்கில் அது தெரியாது, ஒரே விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும் என்றாள். மூன்று நாள் இதே சண்டை. மூன்றாம் நாள் புத்தகத்தைச் சுவரில் எறிந்தாள்.

"நீ வாத்தியார் கேட்டு ஜெபம் பண்ணுன இல்ல? வந்தாங்களா? வாத்தியார் வரல. நீதான் வந்த. ஒனக்கு ஒண்ணுமே தெரியாது! இன்னும் பாதிப் புத்தகம் கெடக்கு. நான் எழுதல, விடு!"

பாடத்தின் நடுவில் நான் எழுந்து போனது அந்த ஒருமுறைதான். வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் அப்போதுதான் வந்திருந்தது, வருடத்தின் முதல் தண்ணீர், குப்பையும் சருகும் நுரையுமாக. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆண்டவரே, அவள் சொன்னது உண்மைதானே என்றேன். வாத்தியார் கேட்டேன். நீர் யாரையும் அனுப்பவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத என்னை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தெரிந்த ஒரு ஆளைக் கொடுத்திருக்கக் கூடாதா?

கேட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. குரல் எதுவும் கேட்கவில்லை, அப்படியெல்லாம் நான் சொல்லமாட்டேன். தெரிந்த ஆள் வந்திருந்தால் அவர் பேசியிருப்பார், இவள் கேட்டுக்கொண்டு இருந்திருப்பாள். காமாலைக்கு முன்னாலும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு இருந்தாள். இப்போது தெரியாத ஆள் வந்ததால் இவள் பேசுகிறாள். பேசுவதற்காகத் தேடிப் படிக்கிறாள். எனக்குத் தெரியாது என்பதுதான் இந்த வீட்டில் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது. நான் எதைக் குறை என்று சொல்லி அழுதேனோ, அதைத்தான் ஆண்டவர் எடுத்து உபயோகித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தேன். ஷைனி சுவரோரத்தில் புத்தகத்தின் கிழிந்த அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். அதனாலதான் கேக்குறேன். சொல்லு, வெளக்கும் வெளக்கும் சேந்தா எப்படி இருட்டாவும்?" என்றேன்.

அவள் அழுதாள். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முதலிலிருந்து சொன்னாள். நான் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வந்த பாடத்தில்தான் எக்ஸ்ரே இருந்தது. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தத் தஞ்சாவூர் ஸ்கேன் அறையை மனதுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள். அதை நான் ஒரே தடவையில் புரிந்துகொண்டேன்.

நடவு முடிந்த வாரம் தேர்வு. புத்தகத்தில் கடைசிப் பாடத்தைத் தொட முடியவில்லை. அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். மன்னார்குடியில் தேர்வு மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். அந்த டிரான்ஸ்ஃபார்மர் கேள்வி வரவேண்டும் என்று ஜெபமாலையின் ஒவ்வொரு மணியிலும் கேட்டேன். அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டிரான்ஸ்ஃபார்மர் வந்துச்சா?"

"வரலம்மா."

நான் ஜெபமாலையைப் பைக்குள் போட்டேன்.

"வெளக்கும் வெளக்கும் வந்துச்சு" என்றாள். "நீ ஒத்துக்கவே மாட்டன்னு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொன்னேன் இல்ல? அதெல்லாம் ஒண்ணுகூட மறக்கல. பக்கம் பக்கமா எழுதிட்டேன். மத்ததுதான் தெரியலம்மா. எப்படியும் வரலாம்."

பிரியமானவர்களே, சாட்சி என்றால் நாம் கேட்டது கேட்டபடியே கிடைத்தது என்று சொல்வதுதான் வழக்கம். நான் கேட்ட வாத்தியார் வரவில்லை. கேட்ட கேள்வியும் வரவில்லை. இதை மறைத்துச் சொன்னால் இந்தச் சாட்சி கெட்டுப்போகும்.

பிறகு அந்த நான்கு செவ்வாய்கள். முதல் செவ்வாய் அந்தோணியார் முன்னால் நின்றேன். எதற்கு நன்றி? முடிவு தெரியாது. பிள்ளையே எப்படியும் வரலாம் என்கிறாள். கடைசியில், "லைட்டு ஏன் ஒடனே எரியுதுன்னு தெரிஞ்சிக்கிட்டேன், அதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாவது செவ்வாய் இன்னும் கொஞ்சம் சொல்ல வந்தது. இந்தப் பாடப் பேச்சு தொடங்குவதற்கு முன்னால் நானும் என் மகளும் எதைப் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டியா, துவைச்சியா, போன கீழ வை. இவ்வளவுதான். பெற்று வளர்த்த பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதற்கு நன்றி சொன்னேன். மூன்றாவது செவ்வாய், அவளைக் காமாலையிலிருந்து எழுப்பிவிட்டதற்கு நன்றியே சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பிள்ளை பிழைத்த கையோடு பிள்ளையின் மார்க்கைக் கேட்கப் போய்விட்டேன். அன்று வெகுநேரம் முழங்காலில் இருந்தேன்.

ஒன்பதாவது செவ்வாய்க்கும் முடிவு வரவில்லை. அன்று கோவிலுக்கு ஷைனியும் என்னோடு வந்தாள். "தேறுனாலும் நன்றி, தேறாட்டாலும் நன்றி. தேறலன்னா மறுபடி எனக்குச் சொல்லிக்குடுப்பா, நான் கேப்பேன்" என்று ஜெபித்தேன். மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். பயம் போயிருந்தது. பக்கத்தில் நின்றவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். வேன் வந்தாலும் இவள் ஏறமாட்டாள் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

அந்த வாரமே, வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வரப்பு மேல் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மோட்டார் எரிந்துபோய்விட்டதோ என்றுதான் நினைத்தேன்.

"மேரி… பாப்பா… பாஸு" என்றார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரிய மதிப்பெண் எல்லாம் இல்லை. தேவையானதற்குக் கொஞ்சம் மேலே. பாக்கியம் அக்கா, "குறுவைக்கு இது நல்ல வெளச்சல்தான்" என்றார். நான் சேற்றிலேயே முழங்கால் போட்டேன். ஃபாதரிடம் போய், முடிவு வருமுன் நன்றி சொல்லிப் பார்த்துவிட்டேன், முதல் வாரம்தான் கஷ்டம், அப்புறம் வந்துவிடுகிறது என்று சொன்னேன். அவர் அதை அடுத்த ஞாயிறு மறையுரையில் சொல்லிவிட்டார். என் பேரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

நன்றாகப் படித்தாள், தேறினாள், இதில் ஜெபம் எங்கே வந்தது என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜெபிக்க உட்காராமல் இருந்திருந்தால் நான் அந்த அறையில் அந்த நேரத்தில் இருந்திருக்க மாட்டேன். என் பிள்ளை என்ன படிக்கிறாள் என்று என் காதில் விழுந்திருக்காது. இந்த விடையை எனக்கு நானே கொடுத்துக்கொண்டிருக்க முடியாது, ஏனென்றால் நான் கேட்டதே வேறு.

இது நடந்து சில வருடம் ஆகிறது. போன மாதம் எனக்கு இருமல் விடாமல் இருந்தது. தஞ்சாவூரில் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். படிப்பை முடிக்கப் போகிற ஷைனி அதே ஆஸ்பத்திரியில்தான் பயிற்சியில் இருக்கிறாள். வெள்ளைக் கோட்டோடு வந்து, என் தோளைப் பிடித்துப் பலகையோடு ஒட்டி நிறுத்தினாள். கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். என் கை ஜில்லென்று இருந்ததைப் பார்த்து இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்தாள். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க" என்றாள். என் மகள் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு மூச்சு நேரத்தில் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. நன்றி மட்டும்தான் இருந்தது.

"விடுங்க" என்றாள். வெளியே வந்து, அடுத்த ஆள் கதவருகே காத்திருக்கும்போதே என் காதோடு கேட்டாள். "இப்ப என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்."

"எலக்ட்ரான வேகமா ஓடவிட்டு ஒரு உலோகத்துல மோதவிடுவீங்க. மோதி நின்னதும் அந்த வேகம் பெரும்பாலும் சூடாப் போயிடும். ஏதோ கொஞ்சந்தான் கதிரா வெளியில வரும். அதுதான் என் நெஞ்சுக்குள்ள போயிட்டு வந்துச்சு" என்றேன்.

"பாஸ்" என்றாள். ஜெபமாலையை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டாள்.

நெஞ்சில் ஒன்றும் இல்லை, வெறும் சளிதான் என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் ஜெபத்தை நினைத்துக்கொண்டேன். அதுவும் பெரும்பாலும் சூடுதான். என் கோபம், அவசரம், செவ்வாய்க் கணக்கு, கேள்வித்தாள் வரைக்கும் கட்டளை போட்ட வாய், எல்லாம் சூடு. ஏதோ கொஞ்சம்தான் உண்மையான ஜெபமாக இருந்திருக்கும். அந்தக் கொஞ்சத்தை வைத்தே ஆண்டவர் உள்ளே இருந்ததைக் காட்டிவிட்டார்.

ஆகவே, காலம் போதாது என்று கலங்கி நிற்கிற சகோதரியே, சகோதரனே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பாடத்தில் விழுந்திருந்தால், பயப்படாமல் கேளுங்கள். ஒன்பது வாரம் இல்லாவிட்டால் ஐந்து வாரம் கேளுங்கள். கேட்ட ஆள் வரவில்லை என்றால் கதவையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குப் புரியவில்லை, சொல்லு என்று கேளுங்கள். ஒருவேளை ஆண்டவர் அனுப்பிய ஆள் நீங்களாக இருக்கலாம்.

விளக்கும் விளக்கும் சேர்ந்தால் இருட்டாகும் என்பதை மட்டும் நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. இதை எழுதி முடித்ததும் இன்னொரு தடவை சொல்கிறேன் என்கிறாள் ஷைனி. கேட்கப் போகிறேன்.